ஆதிரை என்ற பெயர் குறித்து

தங்கள் மகளுக்கு ஆதிரை எனப் பெயரிட விரும்புவதாகவும், அது தீப்பாய்ந்தவளின் பெயர் என்று வீட்டுப் பெரியவர்கள் தயங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். அவர்கள் கதையின் பாதியை மட்டுமே நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று கருதுகிறேன்.

மணிமேகலைக் காப்பியத்தின் 16ஆம் காதையில், பரத்தைக்கும் சூதுக்கும் பொருளைத் தோற்றுக் கடல்வணிகத்துக்குச் சென்ற கணவன் சாதுவன், கப்பல் உடைந்து இறந்தான் என்று கேட்டு ஆதிரை தீயில் புகுகிறாள். ஆனால் தீ அவளைச் சுடவில்லை. அவன் உயிரோடு இருப்பதாக அசரீரி அறிவிக்க, வீடு திரும்பி அறம் செய்து வாழ்கிறாள், அவனும் சந்திரதத்தன் என்ற வணிகனின் கப்பலில் வந்துசேர்கிறான். காப்பியத் தலைவி மணிமேகலை, அள்ள அள்ளக் குறையாத உணவுப் பாத்திரமான அமுதசுரபியை ஏந்திப் புறப்பட்டபோது, முதல் பிச்சை இடத் தகுதியுடையவளாக, தீராப் பசிநோயால் வாடிய காயசண்டிகை என்ற பெண் சுட்டுவதும் இவளைத்தான். பசி தீர்க்கும் தொடக்கத்தோடு இணைந்த பெயரை அமங்கலம் என்பது எனக்குப் பொருந்தவில்லை.

சொல் திருவாதிரை விண்மீனைக் குறிப்பது. வடமொழியில் ஆர்த்ரா, அதாவது ஈரமானது. வானில் அது செந்நிறமாகத் தெரியும், சிவனுக்கு உரியதாகப் போற்றப்படும். குழந்தை அந்த நட்சத்திரத்தில்தான் பிறந்திருக்க வேண்டும் என்பதில்லை.

கேரளத்தில் ஆதிரா என்பது பரவலான பெண்பெயர். ஆதிரையோ தமிழகத்தில் அரிது. ஆகவே பள்ளியிலும் அலுவலகங்களிலும் பெயரை ஆதிரா என்று எழுதிவிடக்கூடும். பிறப்புச் சான்றிதழிலேயே எழுத்துகளைச் சரிபார்த்துவிடுங்கள்.