நடிகைக்கும் அதே திரைதான்

மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையில் 24 வருடம் இருந்தவர். அதில் 11 வருடம் விமான நிலையங்களில் பெண் பயணிகளைச் சோதிக்கும் வேலை. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, நெல்லைப் பக்கம் சொந்த ஊரான வீரவநல்லூருக்கே திரும்பிவிட்டார். இந்த வாரம் வாசகர் கேள்விகளுக்கு அவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: ஒரு பெரிய விமான நிலையத்தில் 76 வயது அம்மாவோடு பாதுகாப்புச் சோதனை வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றேன். கறுப்புக் கண்ணாடி போட்ட நடிகர் ஒருவர் நாலு பேர் சூழ வந்தார், பக்கத்து வழியாக நுழைந்தார், போயே போய்விட்டார். புகழ் இருந்தால் இதெல்லாம் செல்லுமா? (அம்பாசமுத்திரம் வாசகர்)

பதில்: அண்ணாச்சி, அவர் எதைத் தாண்டிப் போனார்? வரிசையையா, சோதனையையா? இந்த ரெண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் பாதிச் சண்டை நடக்கிறது.

வரிசையைத் தாண்டியிருந்தால் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. ஒரு நட்சத்திரம் வரிசையில் இருபது நிமிடம் நின்றால் என்ன ஆகும் என்று பார்த்தவள் நான். பெல்ட்டில் வைத்த பையை அப்படியே விட்டுவிட்டு ஜனம் செல்போனைத் தூக்கிக்கொண்டு ஓடும். ட்ரேயில் கிடப்பது யார் பர்ஸ், யார் வளையல் என்று கேட்க ஆள் இருக்காது. கைப்பிள்ளையை முன்பின் தெரியாத ஒரு அம்மாவிடம் கொடுத்துவிட்டு செல்பி எடுக்கப் போனவளையும் பார்த்திருக்கிறேன். எக்ஸ்ரே திரை முன்னால் உட்கார்ந்திருக்கும் பையனும் மனுஷன்தானே, அவன் கண்ணும் ஒரு நொடி அந்தப் பக்கம் போகும். கண் அலுத்துவிடும் என்பதால் ஒருவரை இருபது நிமிடத்துக்கு மேல் அங்கே உட்காரவைப்பதில்லை, அப்பேர்ப்பட்ட வேலை. அதனால் நட்சத்திரத்தைச் சீக்கிரம் உள்ளே அனுப்பிவிடுவோம். மரியாதைக்காக என்று அவர் நினைத்துக்கொள்வார். நினைத்துக்கொள்ளட்டும்.

சோதனையைத் தாண்டியிருந்தால் கதை வேறு. அது கூடவே கூடாது. அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. அவர் பையை அவரா கட்டினார்? கட்டினவர் ஒருவர், காரில் ஏற்றினவர் ஒருவர், நிலையத்தில் தூக்கி வந்தவர் இன்னொருவர். உங்கள் அம்மாவைக் கேட்டால் பைக்குள் எத்தனை முறுக்கு இருக்கிறது என்று எண்ணிச் சொல்வாள். இவருக்குத் தன் பையில் என்ன இருக்கிறதென்றே தெரியாது. ஒரு கட்சிப் பிரமுகரின் கைப்பையில், பக்கவாட்டு ஜிப்புக்குள் ஒரு தோட்டா அகப்பட்டது. லைசென்ஸ் உள்ள துப்பாக்கி வைத்திருப்பவர். துப்பாக்கியை ஞாபகமாக வீட்டில் வைத்துவிட்டார், தோட்டா மட்டும் பையில் தங்கிவிட்டது. "நான் யாரு தெரியுமா?" என்று ஆரம்பித்தவர், தோட்டாவைக் கண்ணால் பார்த்ததும் வேர்த்துப்போய் நாற்காலியில் உட்கார்ந்தார். உள்ளூர்ப் போலீசைக் கூப்பிட்டு ஒப்படைத்தோம். அவர் ஏற வேண்டிய விமானம் அவர் இல்லாமல் போனது.

எங்கள் அம்மா பீடி சுற்றிப் பிழைத்தவள். நானும் பள்ளிக்கூடம் விட்டு வந்து மடியில் சொளகை வைத்துச் சுற்றியிருக்கிறேன். கடையில் கட்டுகளைச் சரிபார்க்கிற ஆள் தனக்கு வேண்டப்பட்டவர்களின் கட்டை எடுத்துப் பார்க்காமலே உள்ளே போடுவார். எங்கள் கட்டை ஒவ்வொரு பீடியாக உருட்டிப் பார்த்துக் கழிப்பார். கழித்ததைவிட, அந்த வீட்டுக் கட்டைத் தொடக்கூட இல்லையே என்பதுதான் அம்மாவுக்கு ஆறாது. முக்கால் மணி நேரம் நின்ற உங்களுக்கும் அந்த எரிச்சல்தான் என்று நினைக்கிறேன்.

அம்மாவை அடுத்த முறை அப்படி நிற்க வைக்காதீர்கள். டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டு வையுங்கள். மறந்துபோனால் சீருடையில் நிற்கிற யாரிடமாவது "வயசான ஆளு, நிக்க முடியல" என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். நம் ஊர்க்காரர்கள் கேட்கக் கூச்சப்பட்டே கால் வலியை வாங்கிக்கொள்கிறார்கள்.

கேள்வி: அப்படியானால் யாருக்குமே விலக்கு கிடையாதா? (பாளையங்கோட்டைக் கல்லூரி மாணவி)

பதில்: உண்டு தாயி. சிவில் விமானப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகம் போட்ட பட்டியல் ஒன்று உண்டு. குடியரசுத் தலைவர், துணைத் தலைவர், பிரதமர், இந்தப் பதவிகளில் முன்பு இருந்தவர்கள், உச்ச நீதிமன்ற நீதிபதிகள், மக்களவைத் தலைவர், ஆளுநர்கள், முதலமைச்சர்கள், மத்திய கேபினட் அமைச்சர்கள், தூதர்கள் என்று நீண்டுகொண்டே போகும். சாதாரண எம்.பி. அதில் கிடையாது; அது தெரியாமல் எங்களிடம் கோபப்பட்ட எம்.பி.க்கள் உண்டு. நடிகர், பாடகர், விளையாட்டு வீரர் யாரும் கிடையாது. பாரத ரத்னா வாங்கினால் மட்டும் உண்டு. டெண்டுல்கர் எத்தனை சதம் அடித்தாலும் கையை விரித்து நிற்கத்தான் வேண்டும். 2014-ல் அந்த விருது வந்த பிறகுதான் பட்டியலுக்குள் வருகிறார்.

முன்பு நிலையங்களில் இந்தப் பட்டியலைப் பலகையில் எழுதியே வைத்திருப்பார்கள். மற்றதெல்லாம் பதவியாக இருக்க, எந்தப் பதவியும் இல்லாத, சோனியா காந்தியின் மருமகன் ராபர்ட் வதேராவின் பெயரும் அதில் இருந்தது. சிறப்புப் பாதுகாப்புப் படையின் காவலில் உள்ளவர்களோடு போகும்போது அவருக்கும் சோதனை இல்லை என்று கணக்கு. படித்துப் பார்த்த பயணிகள் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள், ஏதோ நாங்கள் எழுதி வைத்த மாதிரி. 2015-ல் அந்தப் பெயரை எடுத்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் மீதிப் பட்டியலிலும் பாதியை அழிப்பேன். கேட்கமாட்டார்கள்.

கேள்வி: அப்துல் கலாமையே சோதித்தார்களே, அது அவமானம் இல்லையா? (தென்காசி வாசகர்)

பதில்: 2009 ஏப்ரலில் டெல்லியில் நடந்தது அது. அவர் முன்னாள் குடியரசுத் தலைவர், பாரத ரத்னா, இரண்டு வகையிலும் விலக்கு உள்ளவர். எங்கள் படைக்காரர்கள் விதிப்படி அவரை அனுப்பிவிட்டார்கள். விமானத்தில் ஏறப்போகிற இடத்தில் காண்டினென்டல் ஏர்லைன்ஸ் ஊழியர்கள் நிறுத்திச் சோதித்தார்கள். யாருக்கும் விலக்கு இல்லை என்பது அமெரிக்க விதி, அதைத்தான் பின்பற்றினோம் என்றார்கள். ஜூலையில் செய்தி வெளியே வந்து நாடாளுமன்றத்தில் சத்தம் கிளம்பியதும் மன்னிப்புக் கேட்டார்கள். 2011-ல் நியூயார்க்கில் மறுபடி. ஏர் இந்தியா விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகு அவருடைய கோட்டையும் ஷூவையும் வாங்கிக்கொண்டு போய்ப் பரிசோதித்தார்கள். அதற்கும் அமெரிக்கா மன்னிப்புக் கேட்டது.

டெல்லி விஷயம் வெளியே வந்த அன்றைக்கு எங்கள் குடியிருப்பில் சோறு இறங்கவில்லை. ராமேஸ்வரத்துக்காரர், நம்ம ஆள். ஆனால் தொழில்காரியாய் யோசித்தால், இந்திய மண்ணில் இந்திய விதியை மீறினார்கள் என்பதுதான் குற்றம். கலாம் பெரிய மனுஷர் என்பதால் மட்டும் அது குற்றமாகாது. அவரோ ரெண்டு தடவையும் வாயைத் திறக்கவில்லை, கழற்றச் சொன்னதைக் கழற்றிக் கொடுத்தார். அவர் என் வரிசையில் வந்திருந்தால்? ஆம்பளைகளை ஆம்பளைகள்தான் சோதிப்பார்கள், அந்தச் சங்கடம் எனக்கு வராமல் போனது.

கேள்வி: பெரிய நடிகைகள் யாரையாவது சோதித்தது உண்டா? எப்படி நடந்துகொள்வார்கள்? (வள்ளியூர் வாசகி)

பதில்: பேர் சொல்லமாட்டேன். நிறையப் பேர் உண்டு. பெண்களுக்குத் திரை போட்ட சின்ன அடைப்பு ஒன்று, உள்ளே ஒரு குட்டி மேடை. ஏறி நின்று கையை விரிக்க வேண்டும், அவ்வளவுதான். சில பேர் உள்ளே வரும்போதே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். சில பேர் "அக்கா சாப்டாச்சா?" என்பார்கள். முகத்தை வைத்து எனக்கு ஒன்றும் தெரியாது. பீடி சுற்றின விரல், துணிக்கு அடியில் ஒரு காகிதம் மடங்கியிருந்தாலும் சொல்லிவிடும்.

ஒரு நாள் விடிகாலை விமானத்துக்கு ஒருத்தி வந்தாள். அப்போது போஸ்டர் இல்லாத சுவர் கிடையாது. வெளியே அத்தனை செல்போனும் தூக்கிக்கொண்டு நிற்கிறது. உள்ளே வந்து திரை விழுந்ததும் கண்ணாடியைக் கழற்றினாள். கண்ணெல்லாம் வீக்கம், ராத்திரி முழுக்கப் படப்பிடிப்பாக இருக்கும். இடுப்பில் டிடெக்டர் கத்தியது. ஜாக்கெட்டை இழுத்துக் குத்திய ஊக்கு. "சரி தாயி, போகலாம்" என்றேன். அவள் இறங்கவில்லை. "அக்கா, ஒரு நிமிஷம் இங்கேயே நின்னுக்கிடட்டுமா?" என்று கேட்டாள். எங்கள் பக்கத்துப் பேச்சு! எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வெளியே இருபது பேர் வரிசையில் நிற்கிறார்கள். டிடெக்டரை இன்னொரு தடவை, தோளில் தொடங்கிக் கால் வரைக்கும், பைய ஓட்டினேன்.

கேள்வி: என் அக்காவுக்கு செயற்கைக் கால். ஒவ்வொரு முறையும் கழற்றச் சொல்வார்களோ என்று பயந்து ரயிலிலேயே போகிறாள். (சங்கரன்கோவில் வாசகி)

பதில்: நாட்டியக் கலைஞர் சுதா சந்திரன் 2021 அக்டோபரில் கிட்டத்தட்ட இதையேதான் ஒரு வீடியோவில் சொல்லி வருந்தினார். விபத்தில் காலை இழந்து, செயற்கைக் காலோடு மேடை ஏறியவர். ஒவ்வொரு பயணத்திலும் கழற்றச் சொல்கிறார்கள், எங்களுக்கு ஒரு அட்டையாவது கொடுங்கள் என்று பிரதமருக்கே வேண்டுகோள் வைத்தார். படை உடனே மன்னிப்புக் கேட்டது. தவிர்க்கவே முடியாத சந்தர்ப்பத்தில்தான் கழற்றச் சொல்லலாம் என்பதே விதி என்றும் விளக்கியது. என் படை என்பதால் மழுப்பமாட்டேன், அது தப்புதான். வெடிமருந்துத் துகள் சோதனைக்கு ஒரு துணியால் துடைத்து எடுத்தாலே பெரும்பாலும் போதும்.

அவர் பேசியதால் நாடே கேட்டது. உங்கள் அக்கா பேசினால் யார் கேட்பார்கள் என்பீர்கள். உண்மைதான். ஆனால் அந்த விதி உங்கள் அக்காவுக்கும் சேர்த்துத்தான். வரிசைக்கு வந்ததுமே பெண் காவலரிடம் சொல்லிவிடச் சொல்லுங்கள், தனி அறை கேட்கச் சொல்லுங்கள். டாக்டர் சீட்டு ஒன்று கையில் இருக்கட்டும். பயத்தில் ரயில் ஏற வேண்டாம். நெல்லை எக்ஸ்பிரஸ் பிடிக்குமென்றால் ஏறட்டும்.

கேள்வி: ஷாருக் கானையே அமெரிக்காவில் நிறுத்தினார்கள். கடையநல்லூர்க்காரன் எனக்கு என்ன கதி? (துபாயிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: 2009, 2012, 2016 என்று மூன்று தடவை அவரை நிறுத்தினார்கள். தம்பி, அது குடியேற்றச் சோதனை; நாங்கள் செய்வது பாதுகாப்புச் சோதனை, ரெண்டும் வேறு. அங்கே கண்காணிப்புப் பட்டியலில் உள்ள ஒரு பெயரோடு உன் பெயர் ஒத்துப்போனால் கணினி மணியடித்துவிடும். எட்வர்ட் கென்னடி அமெரிக்க செனட்டராக இருந்தவர், அதிபராக இருந்த ஜான் கென்னடியின் தம்பி. 2004-ல் அவர் பெயரும் இப்படி ஒரு பட்டியலில் சிக்கி, சரிசெய்ய வாரக்கணக்காகியது. போன் போட்டால் அமைச்சர் எடுக்கிற ஆளுக்கே அந்தப் பாடு. உன் பெயருள்ள இன்னொருவனுக்காக உன்னை உட்கார வைத்தால் கேட்க நாதி இல்லை என்பதுதான் எனக்குக் கோபம். பாஸ்போர்ட்டில் பெயரும் அப்பா பெயரும் விசாவில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் இருக்கட்டும். அடுத்த விமானத்துக்கு நடுவில் நேரம் விட்டு டிக்கெட் போடு.

கேள்வி: கைப்பையில் அல்வா கொண்டுபோகலாமா? இருமுடித் தேங்காய்? (செங்கோட்டை வாசகர்)

பதில்: அல்வா போகும். ஆனால் பையைத் திறக்கச் சொன்னால் கோபப்படாதீர்கள். மாவு, நெய், சர்க்கரை எல்லாம் எக்ஸ்ரே திரையில் ஆரஞ்சு நிறம், இரும்பு நீலம். வெடிமருந்தும் ஆரஞ்சுதான். ரெண்டு கிலோ அல்வா கட்டியாக, ஆரஞ்சாக வந்து நின்றால் வடக்கத்திப் பையனுக்கு வயிறு கலங்கும். நான் பணியில் இருந்தால் வாசனையிலேயே விட்டுவிடுவேன் என்று சக ஊழியர்கள் கேலி செய்வார்கள். விடமாட்டேன், திறப்பேன்.

தேங்காய் சாதாரணமாகக் கைப்பையில் கூடாது. 2024 மண்டல காலத்தில் சபரிமலை பக்தர்களுக்கு மட்டும் 2025 ஜனவரி 20 வரை அனுமதித்தார்கள், அதுவும் எக்ஸ்ரே, துகள் சோதனை, கைச்சோதனை எல்லாம் முடிந்த பிறகு. சாமி தேங்காய்க்கே அப்படி என்றால் நடிகர் பைக்கு என்ன?

கேள்வி: நீங்கள் இப்போது பயணம் போனால் பழைய அடையாள அட்டையைக் காட்டுவீர்களா? (ஏரல் வாசகி)

பதில்: போன வருடம் மகள் வீட்டுக்குப் போனபோது வரிசையில்தான் நின்றேன். என் பை போனது, பெல்ட் நின்றது, பின்னால் வந்தது, மறுபடி போனது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். சின்னப் பெண், மகள் வயதுகூட இருக்காது, ஹிந்தியில் "அம்மா, இது என்ன?" என்று தூக்கிக் காட்டினாள். அம்மாவின் பாக்குவெட்டி. சாணை பிடிக்க எடுத்துவைத்ததை மறந்தே போயிருக்கிறேன். 11 வருடம் அடுத்தவர் பையிலிருந்து கத்தரிக்கோல் எடுத்துப் போட்டவள்!

ஒன்றும் சொல்லாமல் பெட்டியில் போட்டுவிட்டு நடந்தேன். போனில் அம்மாவிடம் சொன்னேன். 82 வயது. "உனக்கு நல்லா வேணும். எம் பாக்குவெட்டிக்கு யாரு பதில் சொல்லுவா?" என்றாள். புதுசு வாங்கிக் கொடுத்துவிட்டேன். அது வெட்டமாட்டேங்குதாம்.