பகுப்படையாத தோல் செல்களின் டி.என்.ஏ. பழுது: கேள்வி பதில்

கேள்வி: பகுப்படையாத செல் தன் டி.என்.ஏ.வைப் பிரதியெடுக்கப் போவதில்லை. பிறகு எதற்குப் பழுதுபார்க்க வேண்டும்?

பதில்: பிரதியெடுக்காவிட்டாலும் படிக்க வேண்டுமே! உட்தோலில் கொலாஜன் சுரக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் என்னும் செல் பெரும்பாலும் பகுப்படையாமல் இருக்கிறது. அதன் மரபணுக்களோ ஓயாமல் ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகின்றன. புறஊதாக் கதிர் பட்டு, டி.என்.ஏ. எழுத்துகளில் ஒன்றான தைமின் அடுத்தடுத்து இருக்கும் இடத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டால், படியெடுக்க வரும் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் நொதி அங்கே முட்டி நின்றுவிடும். நின்ற இடத்துக்கு சி.எஸ்.பி. என்னும் புரதம் பழுதுநீக்கும் புரதங்களை வரவழைக்க, அவை ஏறக்குறைய 30 எழுத்து நீளத் துண்டை வெட்டியெடுத்து, எதிர் இழையைப் பார்த்து இடைவெளியை நிரப்புகின்றன. சிக்கல் இந்த நிரப்புதலில்தான். பகுப்படையாத செல்லில் சாம்எச்டி1 நொதி, டி.என்.ஏ. எழுத்துகளைக் கட்டும் மூலப்பொருளான நியூக்ளியோடைடுகளின் இருப்பைச் சிதைத்துக் குறைத்தே வைக்கிறது. கற்கள் வந்துசேராத கொத்தனாரைப்போல், இடைவெளியை நிரப்பும் டி.என்.ஏ. பாலிமரேஸ் தாமதிக்க, இழையை அரிக்கும் எக்ஸோ1 நொதி அந்த இடைவெளியை அகலமாக்கினால், ஏ.டி.ஆர். என்னும் புரதத்தின் எச்சரிக்கைச் சமிக்ஞை எழும்.

கேள்வி: டி.என்.ஏ.வின் இரு இழைகளும் அறுந்தால்?

பதில்: பகுப்புக்காகப் பிரதியெடுக்காததால், பார்த்து எழுத சகோதர குரோமாட்டிட் என்னும் இரட்டைப் பிரதி கிடையாது. முனைகளை நேரடியாக ஒட்டுவதே வழி. சில எழுத்துகள் தொலையலாம்.

கேள்வி: எந்தக் களிம்பு பூசலாம்?

பதில்: தோல் மருத்துவரைக் கேளுங்கள். டி.என்.ஏ.வைச் சரிசெய்வதாகச் சொல்லும் விளம்பரங்களை நம்பிப் பணத்தை இழக்காதீர்கள்.

கேள்வி: கறுத்த தோலுக்கு மெலனின் நிறமியே போதுமே?

பதில்: மெலனின் கதிரைத் தடுப்பது உண்மை. ஆனால் யேல் பல்கலைக்கழகக் குழு 2015இல் வெளியிட்ட ஆய்வில், யூ.வி.ஏ. வகைப் புறஊதாக் கதிர் நின்று மூன்று மணி நேரத்துக்கு மேலும், இருட்டிலேயே, மெலனினை உருவாக்கும் மெலனோசைட் செல்களில், மேலே சொன்னது போன்ற டி.என்.ஏ. எழுத்து ஒட்டல்கள் உருவாயின. கதிர் கிளப்பிய வினைப்பொருள்கள் மெலனினைச் சிதைத்து, அந்த ஆற்றலை டி.என்.ஏ.வுக்குக் கடத்துகின்றன.

கேள்வி: அப்படியென்றால் மெலனினே எதிரி என்கிறீர்கள்!

பதில்: இல்லை, நான் சொல்லாததை என் வாயில் திணிக்காதீர்கள். அது குடையும்தான், கசியும் குடை. கசிவைச் சுட்டுவதால் குடையைத் தூக்கியெறியச் சொன்னதாகாது. கசிந்தது எவ்வளவு, தடுத்தது எவ்வளவு என்பது மெலனினின் வகையையும் பொறுத்தது: சிவந்த முடிக்காரர்களின் ஃபியோமெலனின் என்னும் வகை இதில் கூடுதலாக வம்பு செய்கிறது.

கேள்வி: பகுப்படையாத செல்லுக்குப் பழுதுநீக்கம் தேவையா?

பதில்: முதல் பதில். களிம்பு கேட்க வரிசையில் நிற்பவர்களுக்கு மூன்றாம் பதில்.

கேள்வி: இந்த வேலை முற்றிலும் நின்றுபோனால்?

பதில்: சீரோடெர்மா பிக்மென்டோசம் என்னும் பரம்பரை நோய் உள்ளவர்களின் தோல் ஃபைப்ரோபிளாஸ்டுகளில் பழுதுநீக்கம் குறைந்திருப்பதை 1968இல் ஜேம்ஸ் கிளீவர் காட்டினார். அக்குழந்தைகளுக்குப் பத்து வயதை ஒட்டியே தோல் புற்றுநோய் தொடங்கிவிடுகிறது.