நோயாளியைப் பார்க்காத மருத்துவ ஆராய்ச்சி

கேள்வி: என் மகள் பல்கலைக்கழகமொன்றில் மருத்துவ ஆய்வுமுறையியல் ஆராய்ச்சியாளராகச் சேரவிருக்கிறாள். நோயாளியையே பார்க்காத இந்த வேலையால் யாருக்குப் பயன்?

பதில்: குறைமாதப் பிரசவம் நேரக்கூடிய தாய்க்கு முன்கூட்டியே ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் மூச்சுத்திணறல் குறையும் என்பதை, நியூசிலாந்தின் ஆக்லாந்தில் லிக்கின்ஸ், ஹோவி என்ற மருத்துவர்கள் இருவரும் 1972-இலேயே ஆய்வு நடத்திக் காட்டிவிட்டார்கள். பின்னர் நடந்த ஆய்வுகளுள் பல சிறியவை. தனித்தனியே பார்த்தால் எதையும் உறுதியாகச் சொல்லாதவை. அவற்றைத் திரட்டி, தரம் பார்த்து, ஒன்றாகக் கணக்கிட்ட பிறகுதான் பலன் ஐயமின்றித் தெரிந்தது. தங்கள் மகளின் துறை செய்யும் வேலை இதுதான். இப்படி மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடுவதற்காக 1993-இல் தொடங்கிய காக்ரேன் அமைப்பின் சின்னமே அந்தக் கணக்குதான்: ஒவ்வொரு படுக்கைக் கோடும் ஓர் ஆய்வு, கோடு நீள நீள ஐயமும் அதிகம், நடுவிலுள்ள செங்குத்துக் கோட்டைத் தொட்டால் முடிவு உறுதியில்லை, கீழே இடப்பக்கம் (ஊசி பலன் தரும் பக்கம்) தள்ளி நிற்கும் சிறு வைரவடிவம்தான் எல்லாவற்றையும் சேர்த்த விடை. அமெரிக்காவில் இந்த ஊசி பொதுப் பரிந்துரையானது 1994-இல்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் பிழைத்திருக்கக்கூடிய குழந்தைகளை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

கொள்கை வகுக்க அந்தக் கணக்கு மட்டும் போதாது. இந்தியா உட்பட 6 நாடுகளில் நடத்தப்பட்டு 2015 வாக்கில் வெளியான ஆய்வொன்றில், வசதி குறைந்த பகுதிகளில் இந்த ஊசியைப் பரவலாக்கியபோது பச்சிளங்குழந்தைகளின் இறப்பு ஒட்டுமொத்தமாகச் சற்றுக் கூடவே செய்தது. கர்ப்பகாலம் சரியாகக் கணிக்கப்படுகிறதா, பிறந்த பின் உரிய பராமரிப்பு கிடைக்கிறதா என்று அரசு ஆணை பிறக்கும் முன்பே கேட்க வேண்டியவர், தங்கள் மகளைப் போன்ற ஆராய்ச்சியாளர்தான்.