டிசைன் படிக்க விரும்பும் மகள்: புதுக்குடியிருப்புத் தாயார் ஒருவருக்கு எழுதிய பதில்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதம் கிடைத்தது. உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவில் தோற்றிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் உங்கள் மகள் இந்தியாவுக்குச் சென்று டிசைன் படிக்க விரும்புவதாகவும், கனடாவிலுள்ள உங்கள் தம்பி செலவில் ஒரு பகுதியை ஏற்க முன்வந்திருப்பதாகவும், மீதிப் பணத்துக்குக் காணி உறுதியை ஈடு வைக்கலாமா என்று நீங்கள் யோசிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். “படம் கீறுவதற்கு நாலு வருடப் படிப்பும் இவ்வளவு காசும் வேண்டுமா?” என்றும் கேட்டிருக்கிறீர்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் இந்தத் துறையைத் தாராளமாகப் படிக்கலாம். ஆனால், காணியை ஈடு வைத்தோ முகவர் ஒருவரின் விளம்பரத்தாளை நம்பியோ படிக்கப் போகக் கூடாது.

இத்துறையில் படம் கீறுவது ஒரு சிறிய பகுதிதான். ஒரு பொருளோ ஓர் இடமோ ஒரு சேவையோ அதைப் பயன்படுத்தப் போகிறவருடைய உடலுக்கும் பழக்கத்துக்கும் வருமானத்துக்கும் பொருந்துகிறதா என்று பார்த்து, பொருந்தும் வரை அதைத் திருத்திக்கொண்டே இருப்பதுதான் இந்தத் தொழில். வன்னியில் வாழும் எங்களுக்கு இதை விளக்க ஜெய்ப்பூர் கால் ஒன்றே போதும். 1960களின் இறுதியில் ராஜஸ்தானின் ஜெய்ப்பூர் நகரில், எலும்பு முறிவு மருத்துவர் பி. கே. சேத்தியும், பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் சேர்ந்து அதை உருவாக்கினார்கள். அதற்கு முன் கிடைத்த மேலைநாட்டுச் செயற்கைக் கால்கள் சப்பாத்து அணிந்து நாற்காலியில் அமரும் மனிதருக்காகச் செய்யப்பட்டவை. அவற்றை மாட்டிக்கொண்டு குந்தியிருக்கவோ, சம்மணமிடவோ, வெறுங்காலோடு சேற்றில் இறங்கவோ இயலாது. ஜெய்ப்பூர் கால் இறப்பரால் பாதத்தின் வடிவிலேயே செய்யப்பட்டு, கணுக்காலில் வளைந்து கொடுத்தது. சப்பாத்து இல்லாமலே நடக்கவும் இடம் கொடுத்தது. கால் இழந்த ஒருவர் எங்கள் ஊரில் கிணற்றடியில் குந்தியிருந்து குளிக்க வேண்டும், வயல் வரம்பில் நடக்க வேண்டும், வற்றாப்பளை அம்மன் கோவில் வீதியில் வெறுங்காலோடு நிற்க வேண்டும். இவை யாவும் ஒரு பாதத்தின் வளைவிலும் அது செய்யப்பட்ட பொருளிலும் தங்கியுள்ளன. மருத்துவர் சேத்திக்கு 1981 இல் ஆசியாவின் பெருமைமிக்க மக்சேசே விருது கிடைத்தது. அந்தக் கைவினைஞரின் பெயரையும் மகள் மறக்காமல் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

இந்தியச் சமூகம் இத்துறையைப் பார்க்கும் விதம் கடந்த அறுபது வருடங்களில் பெரிதும் மாறிவிட்டது. அந்த மாற்றத்தை விளங்கிக்கொண்டால் கல்லூரித் தெரிவு எளிதாகும். 1958 இல் அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்ள்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியினர் இந்திய அரசின் அழைப்பில் அந்த நாட்டைச் சுற்றிப் பார்த்து ஓர் அறிக்கை கொடுத்தார்கள். தாங்கள் பார்த்தவற்றில் மிக அழகான பொருள்களுள் ஒன்றாக, நீர் மொள்ளும் சாதாரணச் செம்பை அவர்கள் அதில் குறிப்பிட்டார்கள். அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1961 இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கப்பட்டது. 1969 இல் மும்பை ஐ.ஐ.டி.யில் தொழிற்சாலைப் பொருள் வடிவமைப்புக்கென்று தனி மையம் உருவானது. அந்தக் காலத்தில் டிசைன் என்பது அரசின் அபிவிருத்தி வேலைகளில் ஒன்றாகவே கருதப்பட்டது. கைத்தொழில், நெசவு, கல்வி, பொதுப்போக்குவரத்து என்பவற்றைச் சுற்றியே பேச்சு இருந்தது. 1986 இல் ஆடை ஏற்றுமதியை மனத்திற்கொண்டு தேசிய நவநாகரிகத் தொழினுட்ப நிறுவனம் தொடங்கப்பட்டது. 1991 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகு, சவர்க்காரப் பொதி முதல் மோட்டார் வண்டி வரை போட்டிக்காக அழகுபடுத்தும் வேலைகள் பெருகின. 2007 இல் தேசிய வடிவமைப்புக் கொள்கை வந்தது. இப்போது கைத்தொலைபேசிச் செயலிகளும் வங்கிச் சேவைகளும் மருத்துவமனைகளும் கூட வடிவமைப்பாளர்களை வேலைக்கு எடுக்கின்றன.

அகமதாபாத் நிறுவனம் தன் மாணவர்களுக்கு நீண்ட காலம் பட்டம் வழங்கவே இல்லை, டிப்ளோமாதான் வழங்கியது. 2014 இல் பாராளுமன்றச் சட்டம் நிறைவேறிய பிறகே அது பட்டம் வழங்கும் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. அதற்கு முன் அங்கே படித்தவர்களும் நாடெங்கும் மதிக்கப்பட்டார்கள் என்றால், அவர்களுடைய கையில் இருந்த வேலைத்தொகுப்புத்தான், அதாவது தாங்கள் செய்த வேலைகளின் திரட்டுத்தான், காரணம். சான்றிதழை மட்டும் பார்த்து ஆளை எடுக்கும் துறை இது என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம்.

இந்தியாவின் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் வடிவத்தில் மும்பை மையத்தின் ஆசிரியர்களுக்குப் பங்குண்டு. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மூதாட்டி, யாரையும் கேளாமல், தான் விரும்பும் சின்னத்துக்கு நேரே உள்ள நீலப் பொத்தானை அழுத்துகிறார். பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு எரிகிறது, ஒரு ஒலி கேட்கிறது, வாக்கு விழுந்துவிட்டது என்று அவருக்குத் தெரிகிறது. இந்திய ரூபாயின் குறியீட்டை 2010 இல் வரைந்த உதயகுமாரும் அதே மையத்தில் ஆய்வு செய்த தமிழர்தான். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்தத் துறை தூரமானது என்ற எண்ணம் உங்களுக்கு வேண்டாம்.

இனி எங்கள் மண்ணுக்கு வருகிறேன். போர் முடிந்த பின் இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டத்தில், மிகப் பெரும்பாலான குடும்பங்களுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய் கட்டம் கட்டமாக வங்கிக் கணக்கில் இடப்பட்டு, வீட்டுக்காரரே தம் வீட்டைக் கட்டினார்கள். அந்த வீடுகளுக்குள் சமையலறை இருக்கிறது. இருந்தும், முல்லைத்தீவிலோ கிளிநொச்சியிலோ எந்த ஒழுங்கையில் நடந்தாலும், எத்தனையோ கல்வீடுகளின் பின்னால் கிடுகு வேய்ந்த குசினி ஒன்று தனியாக நிற்பதைப் பார்க்கலாம். விறகுப் புகை சுவரில் படியக்கூடாது, புட்டு அவிக்கும்போது நிலத்தில் இருந்து வேலை செய்ய இடம் வேண்டும், பக்கத்தில் அம்மியும் தண்ணீர்க் குடமும் இருக்க வேண்டும் என்று அந்தப் பெண்கள் தாங்களாகவே தீர்மானித்துக் கட்டியவை அவை. பிறகு 2016 இல் 65,000 இரும்பு வீடுகளை ஆயத்த நிலையில் கொண்டுவந்து நிறுவும் திட்டம் ஒன்று முன்வைக்கப்பட்டது. எங்கள் வெக்கைக்கும் சமையலுக்கும் அது பொருந்தாது என்று மக்களும் துறைசார்ந்தவர்களும் எதிர்த்தார்கள். வீட்டில் குடியிருக்கப் போகிறவரை யார் கேட்டார்கள் என்பதே அன்று எழுந்த கேள்வி. அகமதாபாத்திலும் மும்பையிலும் மாணவர்களுக்கு முதலாம் வருடத்திலிருந்து பழக்கப்படுத்துவதும் இந்தக் கேள்வியைத்தான். வன்னியில் பிறந்து வளர்ந்த ஒரு பிள்ளைக்கு இதற்குப் புத்தகம் தேவைப்படாது. ‘கொடுக்கப்பட்ட’ பொருள்களோடு வாழ்ந்து, அவற்றைத் தன் தேவைக்கேற்ப மாற்றிக்கொண்ட தாய்மாரைப் பார்த்து வளர்ந்தவர் அவர். அதை அவருடைய மிகப் பெரிய தகுதியாக நான் எண்ணுகிறேன்.

வேலை வாய்ப்பைப் பற்றி மறைக்காமல் எழுத வேண்டும். திருமண அழைப்பிதழ், விளம்பரப் பலகை, கடைக்கான இலச்சினை போன்ற வேலைகளைச் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் சில நிமிடங்களில் செய்து கொடுக்கத் தொடங்கிவிட்டன. அவற்றை மட்டும் நம்பி நாலு வருடம் படிப்பது புத்திசாலித்தனம் ஆகாது. மனிதரை அவதானித்துப் பிரச்சினையைக் கண்டுபிடிப்பதும், அதற்கு ஒரு மாதிரியைச் செய்து பார்த்துப் பிழை திருத்துவதும் தெரிந்தவருக்கு இடம் இருக்கிறது. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் உள்ள ஆடைத் தொழிற்சாலைகளில் பற்றண் வெட்டுபவர், மாதிரி தைப்பவர் என்ற நிலைகளிலிருந்து மேலே போக வழி உண்டு. நல்ல இணைய வசதி இருந்தால் வீட்டிலிருந்தே கொழும்பு நிறுவனங்களுக்குச் செயலி வடிவமைப்பு வேலை செய்யலாம். ஆயினும் அரச உத்தியோகம் போல மாதம் பிறந்தால் சம்பளம் என்ற உறுதியை முதல் சில வருடங்களில் எதிர்பார்க்க முடியாது. இதை மகளும் மாமாவும் இப்போதே அறிந்திருப்பது நல்லது.

படிப்புக்கான முதல் வழி எங்கள் நாட்டிலேயே இருக்கிறது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் கட்டிடக்கலைப் பீடத்தில் டிசைன் பட்டப்படிப்பு உண்டு. அரச பல்கலைக்கழகம் ஆகையால் கற்கைக் கட்டணம் இல்லை. அதற்கு, உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணிக்கப்படும் இசட் புள்ளியோடு உளச்சார்புப் பரீட்சை ஒன்றிலும் சித்தியடைய வேண்டும். பாடத் தகைமையைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அந்த வருடத்துக் கைந்நூலில் வரிக்கு வரி பார்த்த பின்பே விண்ணப்பிக்க வேண்டும். கற்பித்தல் ஆங்கிலத்தில் நடக்கும். எனவே பெறுபேறு வரும்வரை காத்திருக்கும் மாதங்களை ஆங்கிலத்துக்காகச் செலவிடச் சொல்லுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்திரமும் வடிவமைப்பும் என்ற நுண்கலைப் பட்டப்படிப்பும் இருக்கிறது; மகளுடைய விருப்பம் கலைப் பக்கம் சாய்ந்தால் அது ஏற்றது. இவை இரண்டும் கிடைக்காவிட்டால், கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழோடு ஒரு தொழிலைக் கையால் கற்றுக்கொண்டு, பின் டிசைன் பக்கம் திரும்பலாம். உருக்கையும் மரத்தையும் கையால் வேலை செய்து பழகியவர் நல்ல வடிவமைப்பாளராக வருவதற்குக் கூடுதல் வாய்ப்புண்டு என்பது என் நம்பிக்கை.

இந்தியாதான் வேண்டும் என்றால் அரச நிறுவனங்களை மட்டும் குறிவையுங்கள். அகமதாபாத் நிறுவனமும், அதன் வழியில் பின்னர் விஜயவாடா, குருக்ஷேத்திரம், போபால், ஜோர்ஹாட் ஆகிய இடங்களில் வந்த நிறுவனங்களும் தங்களுக்கென ஒரு நுழைவுத் தேர்வு வைத்திருக்கின்றன, ஐ.ஐ.டி.கள் ‘யூசீட்’ என்ற தேர்வின் மூலம் மாணவரை எடுக்கின்றன. இவற்றுக்கு விண்ணப்பம் வருட இறுதியை ஒட்டிக் கோரப்படும். பன்னிரண்டாம் வகுப்பை முடித்து எத்தனை வருடத்துக்குள் எழுத வேண்டும் என்ற கட்டுப்பாடு யூசீட்டில் இருப்பதால், எங்கள் உயர்தரப் பெறுபேறு தாமதமாகும் வருடங்களில் இதை மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும். வெளிநாட்டு மாணவருக்கான கட்டணம் இந்திய மாணவருடையதைவிட அதிகம். ஆகவே, இந்திய அரசு எங்கள் கல்வி அமைச்சின் ஊடாக அறிவிக்கும் புலமைப்பரிசில்களைத் தேடுவதே முறை. தனியார் கல்லூரி எதுவானாலும், அதன் பட்டத்தை இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு ஏற்கிறதா, எங்கள் ஆணைக்குழு அங்கீகரிக்கிறதா என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்கும் வரை ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். நுண்கடன் எங்கள் பெண்களை எந்த நிலைக்குக் கொண்டுவந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. காணி உறுதி அலுமாரியிலேயே இருக்கட்டும்.

எந்த வழியில் போனாலும் வேலைத்தொகுப்பு வேண்டும். அதற்காக அழகான படங்களைச் சேர்ப்பதை மகள் இன்றோடு நிறுத்தலாம். வீட்டிலோ ஒழுங்கையிலோ பயன்பாட்டில் தொல்லை கொடுக்கும் ஒரு பொருளை அவர் எடுக்க வேண்டும். லான்ட்மாஸ்டர் என்ற இரு சக்கர உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏறும்போது வயோதிபர்கள் காலை எங்கே வைக்கிறார்கள், கையால் எதைப் பிடிக்கிறார்கள் என்று ஒரு கிழமை நின்று பார்க்கட்டும். பார்த்ததைக் கொப்பியில் கீறி, பெட்டியின் உயரத்தை அளந்து, காட்போட்டிலும் தடியிலும் ஒரு மாதிரிப் படி செய்து, உங்கள் அம்மாவை அதில் ஏறச் சொல்லிப் பார்க்கட்டும். வழுக்கினால் ஏன் வழுக்கியது என்று எழுதி, திருத்திய இரண்டாவது படியையும் செய்யட்டும். இரும்பு ஒட்டுவேலைக் (வெல்டிங்) கடைக்காரர் ஒருவர் அதற்கு எவ்வளவு கேட்பார் என்ற கணக்கும் அதில் சேர வேண்டும். பிழைத்த மாதிரிகளையும் எறியாமல் திகதியிட்டு வைத்திருக்கச் சொல்லுங்கள். நேர்முகத்தில் அமர்ந்திருப்பவர்கள் அவற்றைத்தான் நிறைய நேரம் பார்ப்பார்கள்.

பெறுபேறு வந்ததும் இசட் புள்ளியையும், மாவட்ட நிலையையும், அந்தக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு மகளுடன் வாருங்கள். தம்பி எவ்வளவு தொகையை, எத்தனை வருடத்துக்கு, எந்த மாதங்களில் அனுப்புவார் என்று அவரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வாருங்கள். மொறட்டுவையின் உளச்சார்புப் பரீட்சைக்கான அறிவித்தல் பத்திரிகையில் வந்தால் எனக்காகக் காத்திராமல் அன்றே விண்ணப்பித்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கல்வி–தொழில் வழிகாட்டல் ஆலோசகர்,
கிளிநொச்சி