அந்த இருட்டை நிரப்பாதீர்கள்

கேள்வி: விடியற்காலைப் பறவை, பூச்சிச் சத்தங்களைப் பதிவு செய்து வைத்திருக்கிறேன். அவற்றை வண்ணப் படங்களாக்கிக் கண்காட்சி வைக்க ஆசை. காட்டுயிர்களுக்கு இதனால் பலன் உண்டா, சுவருக்கு அழகு மட்டும்தானா?
– ஒரு வாசகி

பதில்: பலன் உண்டு அம்மா. நானும் இதே வேலையில் கிடப்பவன் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன்.

முதலில் பதிவை ஸ்பெக்ட்ரோகிராமாக, அதாவது ஒலியின் படமாகப் பாருங்கள். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளே போதும். இடமிருந்து வலமாக நேரம் ஓடும்; கீச்சுக்குரல் மேலே, கட்டைக்குரல் கீழே; சத்தம் கூடக்கூட வெளிச்சம் கூடும். எம்பி3 வேண்டாம், உச்சத்து ஒலிகள் வெட்டுப்பட்டுவிடும். வேவ் கோப்பாகவே வையுங்கள்.

ஓர் இரவுப் பதிவை முதன்முதலாக இப்படித் திறந்தபோது வெகுநேரம் நான் எழுந்திருக்கவே இல்லை. மேலே சிள்வண்டுகள், சேலைக்குக் கரை போட்டதுபோல் நீளப் பட்டையாக. அதற்குக் கீழே தவளைகள் புள்ளி புள்ளியாக. அடியில் ஆந்தையின் குரல், நாலைந்து கீற்று. ஒன்றின் இடத்தில் இன்னொன்று ஏறவில்லை. காட்டில் ஒவ்வோர் உயிரும் தன் குரலுக்கென்று ஓர் இடம் பிடிக்கிறது என்று காட்டு ஒலிகளைப் பதிவு செய்யும் அமெரிக்கர் பெர்னி கிரவுஸ் சொல்வது இதைத்தான்.

அவர் 1988இல் கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில், லிங்கன் மெடோ என்ற புல்வெளியில் ஒரு விடியலைப் பதிவு செய்தார். பிறகு அங்கே மரங்களைப் பொறுக்கி வெட்டினார்கள். மறு ஆண்டு அதே பருவத்தில், அதே நேரத்தில் மீண்டும் போனார். கண்ணுக்குப் புல்வெளி அப்படியேதான் இருந்தது. ஒலியின் படத்திலோ பறவைக் கீற்றுகள் பெரும்பாலும் இல்லை. ஓடைச் சத்தமும் ஒரு மரங்கொத்தியும்தான் மிச்சம். புகைப்படம் மறைத்ததை ஒலிப்படம் காட்டிக்கொடுத்தது. உங்கள் கண்காட்சிக்கும் இந்த வேலையைத்தான் கொடுக்க வேண்டும்.

அதனால் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், மைக்கின் ஒலியளவை மாற்றாமல் பருவந்தோறும் பதிவு செய்யுங்கள். படங்களை ஒரே அளவுகோலில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டுங்கள். இரண்டாவது படம் மங்கலாக இருந்தால் சத்தத்தை ஏற்றிப் பிரகாசமாக்கத் தோன்றும், செய்யாதீர்கள். வெறிச்சோடிய ஒரு பகுதியில் நான் ஒருமுறை நீலத்தைத் தீட்டினேன். படம் அழகாகிவிட்டது, பறவைகள் போன கதை அழிந்துவிட்டது. அன்றே அதைக் கிழித்துப் போட்டேன்.

ஒவ்வொரு படத்துக்குப் பக்கத்திலும் ஒரு ஹெட்போன் தொங்கட்டும். கீழே தேதியும் நேரமும் எழுதுங்கள். அரிய உயிரினமென்றால் இடத்தை மட்டும் துல்லியமாகக் குறிக்காதீர்கள். பிடிக்க அலைபவர்களுக்கு அது வழிகாட்டிவிடும்.