ரோமில் நிறுத்திவிடாதீர்கள்

எட்மண்ட் சிறையிலிருந்து தப்பியதும் கதை ரோமில் இரண்டு பணக்கார இளைஞர்களின் பின்னால் போய்விட்டது, அதனால் அலெக்சாண்டர் டூமாவின் ‘மாண்டி கிறிஸ்டோ’ நாவலை மூடிவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து மறுபடி எடுங்கள். விடுதிக்காரன் கதரூஸ் தன் விடுதியில், எட்மண்ட் மணக்கவிருந்த மெர்சிடிஸைப் பற்றிச் சொன்னதை ஒருமுறை திருப்பிப் படித்துவிட்டு ரோமுக்கு வாருங்கள். அந்த இளைஞர்களில் ஒருவனான ஆல்பர்ட் யாருடைய மகன் என்பது நினைவிலிருந்தால், கார்னிவல் பக்கங்களே நெஞ்சை அடைக்கும்! அதுவரை எட்மண்டின் மனத்துக்குள்ளேயே இருந்த நம்மை, டூமா இங்கே வெளியே நிறுத்துகிறார். கோமகனாக மாறிய எட்மண்டை அந்நியராகத்தான் பார்க்கிறோம். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

மொத்தம் 117 அத்தியாயங்கள். 1844 முதல் 1846 வரை பாரிஸ் நாளிதழில் தொடராக வந்த கதை என்பதால், தினமும் இரண்டு அத்தியாயம் போதும். சுருக்கப் பதிப்பு மட்டும் வேண்டாம்.