ஹூடூ மேன் ப்ளூஸ்: 45 வேக மறுபதிப்புக்குக் காசு கொடுக்கலாமா?

கேள்வி: ப்ளூஸ் பாடகரும் மௌத் ஆர்கன் கலைஞருமான ஜூனியர் வெல்ஸின் 'ஹூடூ மேன் ப்ளூஸ்' எல்.பி. இசைத்தட்டு என்னிடம் இருக்கிறது. சாதாரண 33 வேகப் பதிப்பு, அதாவது நிமிடத்துக்கு 33 சுற்று சுற்றுவது. அதே ஆல்பம் இப்போது 45 வேகத்தில், 200 கிராம் எடையில், 2 தட்டுகளாக, ஒலித் தரத்தில் குறியாக இருப்பவர்களுக்கான ஆடியோஃபைல் மறுபதிப்பாகக் கிடைக்கிறது. விலை மூன்று மடங்கு. வாங்கினால் வித்தியாசம் தெரியுமா?

பதில்: தெரியும். ஆனால் அதற்கு உங்கள் டர்ன்டேபிளின் முள் ஒழுங்காக இருக்க வேண்டும். அதை முதலில் பார்த்துவிடுவோம்.

உங்களிடம் உள்ள பழைய தட்டையே சோதனைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு 'ஹே லாடி மாமா', இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு 'யாண்டர் வால்'. இரண்டும் தட்டின் மையத்தை ஒட்டி வருபவை. பக்கத்தின் முதல் பாட்டோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். மௌத் ஆர்கன் சத்தம் பிசிறடிக்கிறதா? 'ஸ' ஒலி வரும் இடமெல்லாம் சீறுகிறதா?

33 வேகத்தில் 12 அங்குலத் தட்டின் வெளி விளிம்பில், முள்ளுக்கு அடியில் நொடிக்கு ஏறக்குறைய 50 செ.மீ. நீளத்துக்கு ஒலி பதிந்த பள்ளம் ஓடும். மையத்துக்கு அருகே அது 21 செ.மீ.தான். அதே ஒலியை அங்கே பாதிக்கும் குறைவான நீளத்தில் அடக்கியாக வேண்டும். அதனால்தான் ஒரு பக்கம் முடிய முடியத் தெளிவு குறைகிறது. 45 வேகத்தில் எந்த இடத்திலும் 35 சதவீதம் கூடுதல் நீளம் கிடைக்கும். போதாததற்கு, 12 பாடல்கள் 4 பக்கங்களில் பரவுவதால் மையம் வரை நெருக்கிக்கொண்டு போக வேண்டியதும் இல்லை. நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணத்துக்கு உண்மையான பலன் இதுதான்.

எடையை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. 200 கிராம் தட்டிலும் பள்ளம் அதே ஆழம்தான். ஒலியைத் தீர்மானிப்பது எந்த டேப்பிலிருந்து எடுத்தார்கள், லேக்கரை (அச்சுக்கு மூலமாகப் பள்ளம் வெட்டப்படும் தட்டு) வெட்டியவர் யார், எந்த ஆலையில் அழுத்தினார்கள் என்பவை. வெட்டியவரின் பெயரோ முதலெழுத்துகளோ பெரும்பாலும் லேபிளை ஒட்டிய வெற்றுப் பகுதியில் கீறப்பட்டிருக்கும். டிஜிட்டலாக மாற்றாமல் டேப்பிலிருந்து நேரடியாக எடுத்தது என்ற பொருளில் உறையில் இருக்கும் 'அனலாக்' என்ற வார்த்தையை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஆடியோஃபைல் மறுபதிப்புகளை வெளியிடும் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம் தன் தட்டுகள் பலவற்றின் தயாரிப்பில் டிஜிட்டல் கட்டம் ஒன்று இருந்ததை 2022-இல்தான் ஒப்புக்கொண்டது. வழக்கு வரை போன விஷயம் அது.

அப்புறம், இந்த ஆல்பத்துக்கு இவ்வளவு மெனக்கெடலாமா? தாராளமாக. 1965-இல் சிகாகோவில் டெல்மார்க் இசைத்தட்டு நிறுவனத்தின் பாப் கோஸ்டர் இதைத் தயாரித்தபோது, தனித்தனியாக வந்த சிங்கிள்களைக் கோத்து ஆல்பமாக்குவதுதான் ப்ளூஸில் வழக்கம். அவர் குழுவை ஸ்டுடியோவில் உட்காரவைத்து, கிளப்பில் வாசிப்பதுபோல வாசிக்கவிட்டார். வெல்ஸோடு சேர்த்து மொத்தமே நான்கு பேர். கிட்டாரில் பட்டி கை, பேஸில் ஜாக் மையர்ஸ், டிரம்ஸில் பில்லி வாரன். பியானோ கிடையாது, ஊதுகருவிகள் கிடையாது. எல்லாரும் அடக்கி வாசிக்கிறார்கள். நல்ல பதிப்பில் அந்த இடைவெளிகள் துலங்கும், பேஸின் ஒவ்வொரு அடியும் தனியாக விழும். ஆனால் டேப்பிலேயே இருக்கும் கரகரப்பு எந்தப் பதிப்பிலும் போகாது. போகவும் கூடாது, அது இந்த இசையின் உயிர்.

சோதனையில் உங்கள் பழைய தட்டு மோசமாகப் பிசிறடித்தால், புதுத் தட்டு வாங்கும் பணத்தில் முதலில் கார்ட்ரிட்ஜை, அதாவது முள் பொருந்தியிருக்கும் சிறு பாகத்தை, மாற்றுங்கள். உருண்டை முனை முள்ளுக்குப் பதில் நீள்வட்ட முனை கொண்ட மூவிங் மேக்னெட் வகைக் கார்ட்ரிட்ஜ் ஒன்று போதும். புரோட்ராக்டர் என்னும் கோண அளவு அட்டையை வைத்துக் கார்ட்ரிட்ஜின் கோணத்தைச் சரிசெய்து, முள்ளின் அழுத்தத்தைச் சிறு டிஜிட்டல் தராசில் பாருங்கள். இந்த வகைக்குப் பொதுவாக 2 கிராமை ஒட்டி வரும். உங்கள் கார்ட்ரிட்ஜுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் அளவே சரி. இதெல்லாம் ஏற்கெனவே சரியாக இருக்கிறதென்றால் 45 பதிப்பை வாங்கிவிடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து தட்டைத் திருப்பிப் போட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். சில பெல்ட் டிரைவ் கருவிகளில் வேகத்தை மாற்ற பெல்ட்டைக் கையால் நகர்த்த வேண்டும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கியதும், கடையின் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் நான்கு பக்கங்களையும் கேட்டுவிடுங்கள். நடுத்துளை மையம் விலகியிருந்தால் சுருதி ஊசலாடும். இந்த ஆல்பத்தில் அதைக் கண்டுபிடிப்பது கொஞ்சம் சிக்கல். பதிவின்போது பட்டி கையின் ஆம்ப் (கிட்டார் ஒலிபெருக்கி) பழுதாகிவிட, கிட்டாரை ஹேமண்ட் ஆர்கனின் லெஸ்லி ஸ்பீக்கர் வழியாக வாசிக்கவைத்தார்கள். உள்ளே சுழலும் பாகங்கள் கொண்ட ஸ்பீக்கர் அது, அதனால் சில பாடல்களில் கிட்டார் தானாகவே அலையும். அது பழுதல்ல. வெல்ஸின் குரலைக் கவனியுங்கள். கிட்டார் மட்டும் அலைந்தால் லெஸ்லி. குரலும் சேர்ந்து ஊசலாடி, முள்ளைத் தாங்கும் டோன் ஆர்மும் ஒவ்வொரு சுற்றுக்கும் இடவலமாக ஆடினால், தட்டைத் திருப்பி அனுப்பி வேறு கேளுங்கள்.